கொழுக்கட்டைக்கு எழுத்து வராத கதை

நம்பிராஜன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்ததும் எருமைக் கன்று கண்ணை மூடிக்கொண்டது.

"அப்பா, போ. அது தூங்கிட்டு பாரு" என்றாள் வகுளா. வயது ஐந்துதான். குரல் மட்டும் ஒரு தலைமையாசிரியையினுடையது.

நம்பிராஜன் தோசைக் கரண்டியோடு பின்வாங்கினான். சொந்த வீட்டில் ஒரு துணி எருமைக்குப் பயந்து பதுங்கிப் பதுங்கி நடக்கிற நிலைமை அவனுக்கு வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாம்பல் நிறத் தோல், உருண்ட வயிறு, வயிற்றுக்குள் கைக்கு அடக்கமாக ஓர் எந்திரம், முகத்தில் இரண்டு கண்ணாடிக் கண். வயிற்றுத் தையலோரம் ஒரு துணிப்பட்டை இருந்தது. அதில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தார்கள். பொடி எழுத்து என்றால் நம்பிராஜனுக்கு ஆகாது, அவன் அதை வாசித்துப் பார்க்கவில்லை. பெட்டி வந்து இறங்கிய அன்று பிள்ளையார் சதுர்த்தி. வகுளா கையில் பாதி கடித்த கொழுக்கட்டை இருந்தது. பொம்மையின் வயிற்றைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பெயர் வைத்துவிட்டாள்.

அரசாங்கத்தில் இதற்குக் 'கற்கும் துணை' என்று கௌரவமாக ஒரு பெயர் உண்டு. பணகுடிக்கு மேற்கே காற்றாலைக்காரர்கள் குடியிருப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மக்குப் பொம்மை என்றுதான் சொல்வார்கள்.

பெயர் சரிதான் என்று அதிகாரி எஸ்தர் ஜெயசீலியே ஒத்துக்கொண்டார். வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரை வந்து பார்த்துப் போவது அவர் வேலை. ஐம்பது தாண்டிய, வெயிலில் கறுத்த, எதற்கும் பதறாத அம்மாள். முதல் தடவை வந்தபோது எருமையைக் காதைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"இதுக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. அதான் இதோட விசேஷம். பிள்ளை சொல்லிக்குடுக்கத மட்டும்தான் படிக்கும். பிள்ளை தப்பாச் சொன்னா இதுவும் தப்பாத்தான் படிக்கும். பெரியவங்க இடையில புகுந்தா கண்ண மூடிக்கிடும்."

கூடவே பத்து மரத்தட்டுகள் வந்திருந்தன. தட்டுக்கு மூன்று சொல்வில்லை, மூன்று படவில்லை, எல்லாம் சின்ன மரத்துண்டுகள். பல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பல்லின் படம், நண்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நண்டின் படம் என்று பிள்ளை எருமையின் கண்முன்னால் சேர்த்துக் காட்ட வேண்டும். எருமை பார்த்துக்கொண்டே இருந்து பாடம் பண்ணிக்கொள்ளும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பரீட்சை கேட்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே பிள்ளையை விட்டுவிட்டுப் பொம்மைக்குப் பரீட்சை வைப்பார்கள். வேறு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஒரு பிள்ளை படித்திருந்தால், அது படித்தது படித்ததுதான் என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

எருமை தேறிவிட்டால் வகுளா குடியிருப்பில் உள்ள படிப்பகத்துக்குப் போகலாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பகலெல்லாம் அங்கே புத்தகமும் விளையாட்டுமாக இருப்பார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பொங்கல் கழிந்தும் தேறாவிட்டால் வீட்டுப் பாடத்துக்கான அனுமதி போய்விடும். பிள்ளையை மழலை வளாகத்தில் சேர்க்க வேண்டும். திங்கள் காலையில் விட்டால் வெள்ளி மாலைதான் கண்ணில் காட்டுவார்கள். நல்ல இடம்தான், குளுகுளுவென்று இருக்கும், சாப்பாடெல்லாம் நேரத்துக்கு வரும். ஆனால் அங்கே நம்பிராஜன் இருக்கமாட்டான்.

"தேறினப்புறம் இந்தப் பொம்மை?" என்று கேட்டிருந்தான்.

"திருப்பி எடுத்துக்கிடுவோம். படிச்சதெல்லாம் அழிச்சிட்டு அடுத்த பிள்ளைக்குக் குடுப்போம். வாசிக்கத் தெரிஞ்ச பொம்மை வீட்டுல இருந்தா பிள்ளை எதுக்கு வாசிக்கும்? உங்க காலத்துல என்ன நடந்துன்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. நம்பிராஜன் எல்லாம் தெரிந்த பொம்மைகளின் காலத்துப் பிள்ளை. அவனுடைய பச்சைக் கிளி கதை சொல்லும், கணக்குப் போடும், பலகையைக் காட்டினால் வாசித்துச் சொல்லும். அப்புறம் கிளி இருந்த இடத்துக்குக் கைபேசி வந்தது, அதுவும் வாசித்தது. யாருக்கும் எதுவும் குறைவாகத் தெரியவில்லை. உவரிப் பக்கம் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் மின்சாரம் போய், பேசுகிற கருவியெல்லாம் ஊமையாகிவிட்டது. சுவரில் பெரிய சிவப்புப் பலகை. எந்தக் குழாயை முதலில் மூட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவனையும் சேர்த்து மூன்று வாலிபர்கள் அதன் முன்னால் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, தண்ணீர்தான் வீணானது. அந்த வெட்கத்தில் நம்பிராஜன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். அப்போது அவனுக்கு மீசை முளைத்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்றைக்கும் வரியின் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுத்தான் வாசிப்பான்.

தன் மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதில் அவன் ஒற்றைக்காலில் நின்றான். ஆலையில் வீட்டாசிரியர் விடுப்பு எழுதிக் கொடுத்தான். பிள்ளை வாசிக்கிற வரைக்கும் விடுப்பு, வாசித்த மறுவாரம் வேலை. மனைவி பகவதி காற்றாலைக் கோபுரத்தில் ஏறி இறக்கைகளைச் சரிபார்க்கிறவள். அவள் வேலையை விட முடியாது, விடவும் மாட்டாள். ஆகவே கீழே அடுப்பும் எழுத்தும் நம்பிராஜன் பொறுப்பு.

பொறுப்பை அவன் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. முற்றத்தில் பாண்டி ஆடக் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து எழுதினான். புளியங்கொட்டையை வரிசையாக ஒட்டி ட செய்தான், ப செய்தான். வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினான். கதவில் கதவு, பானையில் பானை, தூங்கிக்கொண்டிருந்த பகவதியின் கையில் அம்மா. காலையில் எழுத்துத் தோசை. மாவைக் கரண்டி நுனியால் வளைத்து அ ஊற்றிவிடுவான், திருப்பிப் போடும்போதுதான் வம்பு.

"திருப்பிப் போட்டா அது அ இல்லப்பா" என்று ஒருநாள் வகுளா சொல்லிவிட்டுச் சட்டினியைத் தொட்டுக்கொண்டாள். அவன் தோசை பிய்ந்துபோன வருத்தத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்தபின் விளையாட்டு எதுவும் இல்லை. அவன் சம்மணம் போட்டு உட்காருவான், அவள் மடியில் ஏறிக்கொள்வாள், அவள் மடியில் கொழுக்கட்டை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். ஒரு கதைப் புத்தகத்தை விரித்து விரலை ஓட்டுவான். ஒரு பக்கம் முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆகும். அவள் அவசரப்படுத்தியதே இல்லை. நாளில் அவனுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

முதல் சில வாரம் எல்லாம் சுகமாகப் போனது. தட்டுகளை எடுத்து வைக்கும்போது அவன் திருட்டுத்தனமாகப் பார்ப்பான். மூன்று தட்டு வரைக்கும் அச்சுப் பிசகாமல் சேர்த்திருந்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுக்கட்டை ரசத்தில் விழுந்தது. பகவதி எந்திரத்தையும் பஞ்சையும் வெளியே எடுத்துவிட்டுத் தோலை மட்டும் துவைத்துக் கொடியில் வயிறு தெரியத் தொங்கவிட்டாள். தோல் காய்கிற வரைக்கும் வகுளா கொடிக்குக் கீழேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பிரிவு தாங்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. பல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நண்டு உட்கார்ந்தது. நண்டுக்குப் பக்கத்தில் குடை. சரியாகச் சேர்த்திருந்த மூன்று தட்டும்கூடத் தலைகீழாகப் போயின. அடுக்களையில் நின்றபடி காதைத் தீட்டிக் கேட்டால், "கொழுக்கட்ட, நல்லாப் பாத்துக்கோ, இது மரம்" என்று நிதானமாக அவள் சொல்வது கேட்கும். போய்ப் பார்த்தால் அங்கே மீன் என்று எழுதியிருக்கும். எருமை கண்ணை மூடிய பிறகு, "அது மீன் மக்ளே" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பான். அவள் சமர்த்தாகத் தலையாட்டுவாள். மறுநாள் மீனைக் கொண்டுபோய்ப் பூட்டோடு சேர்த்திருப்பாள்.

பொம்மையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை அவர்கள் பிள்ளையிடம் சொல்லவே இல்லை. நேரம் வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். இப்போது அந்த நேரம் வரப்போவதாகவே தெரியவில்லை. எஸ்தர் ஜெயசீலி இரண்டாம் தடவை வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, பொங்கல் கழிந்து கடைசியாக வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

மார்கழியில் ஒரு மத்தியானம், வகுளா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தபோது, நம்பிராஜன் ஒரு காரியம் செய்தான். பகவதியின் துப்பட்டாவைத் தலையோடு முகத்தை மூடிப் போட்டுக்கொண்டு எருமையின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு தட்டை எடுத்து வைத்தான். தொண்டையைச் சுருக்கி, ஐந்து வயதுக் குரலில், "கொழுக்கட்ட, இங்க பாரு, இது பல்லு" என்றான்.

எருமை ஒரு கண்ணைப் பாதி திறந்தது. துப்பட்டாவை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

பின்னால் பகவதி நின்றிருந்தாள். இடுப்பில் கோபுரம் ஏறுகிற பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எந்த வகுப்புல சேந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவன் துப்பட்டாவை எடுத்துவிட்டு அசடு வழிந்தான். அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தான். அப்புறம் அவனால் முடியவில்லை, சொல்லிவிட்டான். பிள்ளை வளாகத்துக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்றான். தான்தான் தப்பான வாத்தியாரோ என்றான். தட்டுத் தடுமாறி வாசிக்கிறவன் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியதே தப்போ என்றான்.

பகவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவளுக்காகப் பயப்படுதீங்களா, உங்களுக்காகவா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான்.

இன்னொன்றும் மனசில் இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை. பிள்ளை தேறிவிட்டாலும் அவன் உவரிக்குப் போக வேண்டும். காலைத் தோசையும் பாண்டியும் அத்தோடு போயிற்று. எப்படிப் போனாலும் ஏதோ ஒன்று கையைவிட்டுப் போகத்தான் போகிறது. அவள் தேறவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டான், ஆனால் நாளையே தேறவேண்டும் என்று ஒருபோதும் ஆசைப்படவில்லை.

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுவாரம் எஸ்தர் ஜெயசீலி வந்தார். பகவதி விடுப்புப் போட்டு வீட்டில் இருந்தாள். வகுளாவை முற்றத்தில் விளையாடச் சொல்லிவிட்டு, அதிகாரி எருமையின் காதுக்குப் பின்னால் தன்னிடமிருந்த சிறு சாவியை வைத்தார். கண் திறந்தது. அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக முன்னால் வைக்க, அது மூக்கால் படவில்லைகளைத் தள்ளிச் சொல்வில்லைகளோடு சேர்த்தது. வெகு சுறுசுறுப்பாகச் சேர்த்தது. ஒரு சந்தேகமும் இல்லை அதற்கு. பல்லுக்கு நண்டு. நண்டுக்குக் குடை. குடைக்குப் பல். நம்பிராஜன் ஐந்தாவது தட்டுக்கு மேல் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு என்னென்ன துணி எடுத்து வைக்க வேண்டும் என்று மனசு தன் பாட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

தட்டுகளைத் தரையில் பரப்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். எஸ்தர் ஜெயசீலி பத்துத் தட்டுகளையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு.

"தம்பி, இங்க வாங்க. உங்க மகளுக்கு எழுத்து தெரியாதுன்னு யாரு சொன்னா?"

"எல்லாம் தப்பால்லா இருக்கு மேடம்."

"எல்லாமே தப்பு. அதத்தான் சொல்லுதேன். ஒரு தட்டுல மூணு சொல்லு, மூணு படம். ஒண்ணுமே தெரியாத பிள்ளை கண்ண மூடிக்கிட்டுச் சேத்தாலும் ஒரு தட்டு இல்லாட்டா இன்னொரு தட்டுல எதாவது சரியா விழுந்திரும். போன தடவ ஒரு வீட்டுல அப்படித்தான், பாதி சரி, பாதி தப்பு. இங்க பத்துத் தட்டுலயும் ஒண்ணுகூட விழல்ல. ஒண்ணுவிடாமத் தப்பாச் செய்யணும்னா, ஒண்ணுவிடாமத் தெரிஞ்சிருக்கணும்."

நம்பிராஜன் தட்டுகளைப் பார்த்தான். நாலு மாதமாக அவற்றைத் தன் கையால் எடுத்து அடுக்கியவன் அவன்தான். ஒவ்வொரு தப்பையும் தனித்தனியாகப் பார்த்து நொந்துகொண்டானே தவிர, எல்லாத் தப்பையும் ஒன்றாக வைத்து ஒருநாளும் பார்க்கவில்லை.

வகுளாவைக் கூப்பிட்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன்ன நான் பரீட்சை கேக்க மாட்டேன், கேக்கவும் கூடாது" என்றார் எஸ்தர் ஜெயசீலி. "கொழுக்கட்டைக்கு ஏன் தப்புத் தப்பாச் சொல்லிக்குடுத்தேன்னு மட்டும் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எருமையைப் பார்த்தாள். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சரியாச் சொல்லிக்குடுத்தா அதத் திருப்பி அனுப்பணும்லா."

அதிகாரி நம்பிராஜனைப் பார்த்தார். அவன் பகவதியைப் பார்த்தான். தாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். யார் சொன்னது என்று பிள்ளையிடம் கேட்டார் அதிகாரி.

வகுளா எருமையைத் தூக்கி மல்லாத்தினாள். "அது வயித்துல எழுதிருக்கு."

நம்பிராஜன் குனிந்தான். துணிப்பட்டையின் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான். வாசிக்கக் கற்றதும் திருப்பி அனுப்பவும். வாசித்து முடித்தபோது அவனுக்குக் கொடிக்குக் கீழே அண்ணாந்து உட்கார்ந்திருந்த பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாருமே வாசிக்காத பொடி எழுத்தை வாசித்துவிட்டு, சாப்பிட வராமல், தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்திருக்கிறாள். அதை நினைக்க அவனுக்குப் பாவமாக இருந்தது. கூடவே தலைகால் புரியாத சந்தோஷமும் வந்தது.

"எப்ப மக்ளே படிச்சே? பாண்டி ஆடும்போதா? தோசையிலயா?"

"இல்ல. ராத்திரி கதை வாசிக்கும்போது. உன் விரலுக்குக் கீழதானே எல்லாம் இருக்கு."

பகவதி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பிராஜன் தன் ஆள்காட்டி விரலை ஏதோ புதிதாக வாங்கியது மாதிரி ஒரு தரம் பார்த்துக்கொண்டான். ஆனால் எஸ்தர் ஜெயசீலி பெருமூச்சு விட்டார்.

"எனக்குப் புரிஞ்சு என்ன செய்ய? பிள்ளைக்கு என்ன தெரியும்னு நான் எழுத முடியாது. எருமைக்கு என்ன தெரியும்னுதான் எழுதணும். அதுக்கு ஒரு எழவும் தெரியல்ல." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வீட்டுக்குப் போகணும். ஆனா ஒரு கருப்பட்டிக் காப்பி குடிக்காமப் போறதா இல்ல. மெதுவாவே போடுங்க தம்பி, அவசரமில்ல."

காப்பியைப் பகவதி போட்டாள். நம்பிராஜன் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னான். எருமை படிக்காவிட்டால் அவள் வளாகத்துக்குப் போய்த் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றான். படித்துவிட்டால் எருமை வேறொரு பிள்ளையிடம் போக வேண்டும் என்றான். இதை முதலிலேயே அவளிடம் சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னான். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதை எஸ்தர் ஜெயசீலியிடம் போய்க் கேட்டாள்.

"அதுக்கு என்னைய மறந்து போகுமா?"

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. "மறந்திரும்மா. நீ மறக்க மாட்டே."

வகுளா அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டுகளையும் எருமையையும் இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

காப்பி ஆறியது. உள்ளேயிருந்து குரல் கேட்டது. "நேத்து வரைக்கும் சொன்னதெல்லாம் சும்மா. இப்பச் சொல்றதுதான் நெசம். பாத்துக்கோ, இது பல்." வில்லைகள் மரத்தில் உட்காரும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நம்பிராஜன் அதை எண்ணிக்கொண்டே வந்தான். கடைசித் தட்டில் இரண்டு சத்தம் கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை. எஸ்தர் ஜெயசீலி காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் குடிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ ரகசியப் பேச்சு நடந்தது, என்ன என்று வெளியே விளங்கவில்லை. பிறகு அந்த மூன்றாவது சத்தமும் வந்தது.

எருமை பத்துத் தட்டிலும் தேறியது.

எந்திரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட அதிகாரி, தோலைப் பகவதி கையில் கொடுத்தார். துவைத்துத் துவைத்து நைந்துபோன தோலை அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கமில்லை, புதுத்தோல்தான் போடுவோம் என்றார். அது நிஜமான வழக்கமா, அப்போது அவருக்குத் தோன்றிய வழக்கமா என்று யாரும் விசாரிக்கவில்லை. பகவதி பழைய சேலையைக் கிழித்து உள்ளே திணித்துத் தைத்தாள். வகுளா கேட்டுக்கொண்டபடி வயிற்றிலிருந்த துணிப்பட்டையைப் பிரித்து எடுத்துவிட்டாள். கொழுக்கட்டை இப்போது கண்ணைத் திறப்பதில்லை. மற்றபடி முன்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது எஸ்தர் ஜெயசீலி, "பிள்ளை வாசிச்சுட்டா, உங்க விடுப்பும் முடிஞ்சுது தம்பி. அடுத்த வாரம் உவரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வகுளா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்தபின் அவன் வழக்கம்போல உட்கார்ந்தான். அவள் மடியில் ஏறிக்கொண்டாள். அவள் மடியில் கொழுக்கட்டை. புத்தகத்தை விரித்தான். இன்றைக்கு நீ வாசி, நான் கேட்கிறேன் என்றான். குரலில் பெருமை வழிந்தது. பகவதியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

வகுளா வரியின் கீழே விரலை வைத்தாள். ஆடு என்று இருந்தது. "குடை" என்றாள். மலை என்று இருந்தது. "நண்டு" என்றாள். ஏறியது என்பதைப் பூட்டு என்றாள்.

"என்ன மக்ளே, காலையில எல்லாம் தெரிஞ்சுதே?"

"மறந்துட்டுப்பா. எனக்கு வாசிக்க வரல்ல."

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அந்த வரியிலும் எல்லாம் தப்பு. அதற்கடுத்த வரியிலும். நம்பிராஜன் முதலில் திகைத்துத்தான் போனான். பிறகு அவள் வாசித்த வரிகளை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ஒரு வார்த்தைகூடச் சரியாக விழவில்லை. தெரியாத்தனமாகக்கூட ஒன்று விழவில்லை.

அவன் நிமிர்ந்து பகவதியைப் பார்த்தான். அவளுக்கும் புரிந்திருந்தது. நம்பிராஜனுக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. வாழ்நாளில் தனக்கு இவ்வளவு பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை என்று தோன்றியது.

பிள்ளையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனான். பிரித்து எடுத்த துணிப்பட்டை தையல் டப்பாவில் கிடந்தது. அதன் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் கோணல் எழுத்தில் பொடியாக ஏதோ எழுதினான். அவனுக்கு எழுதுவது வாசிப்பதைவிட மெதுவாகத்தான் வரும். ஓர் ஊக்கால் அதைச் சட்டையில், சரியாக வயிற்றுக்கு மேலே, குத்திக்கொண்டான். வந்து அவள் முன்னால் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்புறம் முழங்கால்கள் தரையில் நகர்ந்து வரும் சத்தம் கேட்டது. வயிற்றின்மேல் ஒரு சின்ன விரல் வந்து நின்றது. முதல் எழுத்தைத் தொட்டது, அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது, அவன் வாசிக்கிற அதே நிதானத்தில்.

"தினமும்" என்றாள் வகுளா. விரல் தாண்டிப் போனது. "சாயங்காலம். திரும்பி. வந்துவிடும்."

அவன் ஒரு கண்ணைப் பாதி திறந்து பார்த்தான்.